புது வருஷ இங்கிலீஷ் இலக்கு: கடல் தாண்டிப் போனவர்களுக்கும் போகக் காத்திருப்பவர்களுக்கும்

ஜனவரி பிறந்தால் நம் ராமநாதபுரம் கரையில், கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் இந்தத் தீர்மானம் தவறாமல் காதில் விழும்: "இந்த வருஷம் எப்படியாவது இங்கிலீஷ் பேசிடணும்." மாப்பிள்ளை லண்டனில் இருக்க, இங்கே விசாவுக்காகக் காத்திருக்கும் பெண் சொல்கிறார். டொரண்டோவில் மகன் வீட்டில் போய்ச் சேர்ந்த தாய் தகப்பன் சொல்கிறார்கள். மெல்போர்னில் கடையில் நிற்கிறவர் சொல்கிறார். பாம்பனிலிருந்து வெளிநாட்டுப் படகு வேலைக்குப் பெட்டி கட்டுகிறவரும் சொல்கிறார். ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான், தேவைப்படும் இங்கிலீஷ்தான் ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் இந்தத் தீர்மானம் மாசி மாதம் வருவதற்குள் கரைந்துபோகிறது. எதைச் செய்துவிட்டால் முடிந்தது என்று அதில் எங்குமே சொல்லப்படவில்லை.

இலக்கு என்றால் அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யாரிடம், எங்கே, எதற்காக, எந்தத் தேதிக்குள். உதாரணத்துக்கு: "மார்ச் 31-க்குள், மகனுக்குக் காய்ச்சல் என்று கிளினிக்குக்கு நானே போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குவேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது." இது நடந்ததா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். "கிராமர் நன்றாகப் படிப்பேன்" என்பது நடந்ததா என்று டிசம்பரிலும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வருஷத்துக்கு நான்கு இலக்கு போதும். பத்து எழுதினால் பத்தும் பாதியில் நிற்கும்.

அடுத்தது மணிக்கணக்கு. இதைப் போடாமல் இலக்கு வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாகப் பிரிக்கிறார்கள். ஆசிரியர் துணையோடு படித்தால், ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து ஏ1 தொட 90 முதல் 100 மணி நேரம், ஏ2 தொட மொத்தம் 180 முதல் 200, பி1 தொட மொத்தம் 350 முதல் 400 மணி நேரம் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையின் கணக்கு. தினம் அரை மணி நேரம், வாரம் ஆறு நாள் உட்கார்ந்தால் வருஷத்துக்குச் சுமார் 150 மணி நேரம் வரும். ஆக, அடிப்படையிலிருந்து தொடங்குகிறவருக்கு வருஷத்துக்கு ஒரு படி என்பதுதான் நியாயமான இலக்கு. ஒரே வருஷத்தில் பி1 வேண்டுமென்றால் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். '30 நாளில் சரளமாக' என்று பணம் கேட்கிறவரிடம், முப்பது நாளில் எத்தனை மணி நேரம் சொல்லித் தருவீர்கள் என்று கேட்டாலே போதும்.

பிரிட்டனுக்குத் துணையாகச் செல்பவர்களுக்கு இந்தப் படிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. இதுவரையிலான விதிப்படி, கணவன் அல்லது மனைவி விசாவுக்கு முதலில் ஏ1 அளவில் பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் போதும். சுமார் இரண்டரை வருஷம் கழித்து விசாவை நீட்டிக்க ஏ2. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு பி1, கூடவே 'லைஃப் இன் தி யூகே' தேர்வு. அதில் 45 நிமிஷத்தில் 24 கேள்வி, 18 சரியாக இருக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் முன் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இங்கே பலர் தவறுவது தேர்வைத் தேர்ந்தெடுப்பதில். துணை விசாவுக்கு வேண்டியது 'ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1' போன்ற, அந்த அரசு ஏற்றுக்கொண்ட சிறிய தேர்வு. எழுதுவதும் வாசிப்பதும் அதில் இல்லை. ஒரு தேர்வாளர் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து 16 முதல் 18 நிமிஷம் பேசவும் கேட்கவும் வேண்டும். முடிவு பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். இது தெரியாமல் மாணவர்கள் எழுதும் பெரிய ஐஇஎல்டிஎஸ்-க்குப் பணம் கட்டி, கட்டுரை எழுதத் தெரியவில்லையே என்று ஒடிந்துபோகிறார்கள். அந்தச் சாதாரண ஐஇஎல்டிஎஸ் சான்றிதழை இந்த விசாவுக்கு ஏற்கவும் மாட்டார்கள். தேர்வுச் சான்று இரண்டு வருஷம்தான் செல்லும் என்பதால், கல்யாணம் பேசும்போதே எழுதி வைப்பதும் வீண். இன்னொன்று: இங்கிலீஷ் மீடியத்தில் டிகிரி முடித்த பெண்கள் அதற்கு 'எக்டிஸ்' என்ற அமைப்பின் உறுதிக் கடிதம் வாங்கினால் தேர்வே எழுத வேண்டியதில்லை. பட்டம் பீரோவில் கிடக்க, கோச்சிங்குக்குப் பணம் கட்டும் வீடுகள் உண்டு.

கனடாவில் குடியுரிமை கேட்கும் 18 முதல் 54 வயதுக்காரர்கள் பேசுவதிலும் கேட்பதிலும் அங்குள்ள மொழி அளவுகோலில் நான்காம் நிலையைக் காட்ட வேண்டும். 55 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுக்குத் தேர்வுப் புத்தகத்தை வாங்கிக் கொடுக்காமல், பஸ், கடை, ஆஸ்பத்திரி என்று மூன்றே இடத்துக்கு இலக்கு வையுங்கள். நிரந்தர வாசம் கிடைத்தவர்களுக்குக் கனடாவில் 'லிங்க்' என்ற இங்கிலீஷ் வகுப்பும் ஆஸ்திரேலியாவில் 'ஏஎம்இபி' என்ற இங்கிலீஷ் வகுப்பும் இலவசம். பிரிட்டனில் காலேஜ்களில், வேறு தாய்மொழிக்காரர்களுக்கான 'ஈசால்' இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. அதில் என்ட்ரி 1, 2, 3 என்பவை ஏ1, ஏ2, பி1-க்குச் சமம். சேர்வதற்கு முன் சின்னதாக ஒரு சோதனை வைப்பார்கள். அதில் வீட்டில் யாரையும் பக்கத்தில் வைத்துச் சொல்லித்தரச் சொல்லாதீர்கள். இல்லாத தேர்ச்சியைக் காட்டி மேல் வகுப்பில் உட்கார்ந்தால் இரண்டே வாரத்தில் நின்றுவிடத் தோன்றும்.

முதல் மூன்று மாதத்துக்கு என்ன இலக்கு? என்னைக் கேட்டால் பெயரும் எண்ணும்தான். பெயர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நம் பக்கம் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் வாப்பா பெயரோ அப்பா பெயரோ ஏறியிருக்கும். அங்கே கிளினிக்கில் நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எங்கோ ஊரில் இருக்கிற தகப்பனைக் கூப்பிடுகிறார்கள் என்று இவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார், முறை போய்விடும். எனவே பாஸ்போர்ட்டை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு, எது 'கிவன் நேம்', எது 'சர்நேம்' என்று விரல் வைத்துப் பாருங்கள். பிறகு இரண்டையும், பிறந்த ஊரையும், எழுத்து எழுத்தாக நிறுத்தாமல் சொல்லிப் பழகுங்கள். கீழக்கரை என்றால் "கே, டபுள் ஈ, எல், ஏ, கே, ஏ, ஆர், ஏ, ஐ". போனில் கேட்கிறவர் எழுதிக்கொண்டே வரும் வேகத்தில் வர வேண்டும். ஏ, ஈ, ஐ மூன்றையும் ஜே, ஜி இரண்டையும் மாற்றிச் சொல்வதுதான் அதிகம் நடக்கும் தப்பு. கடைசி எழுத்தை பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 'ஸெட்' என்பார்கள், அமெரிக்காவில் 'ஸீ'.

எண்ணில் தகராறு 13-க்கும் 30-க்கும் நடுவே. 'தர்ட்டீன்' என்றால் அழுத்தம் பின்னால் நீளும், 'தர்ட்டி' என்றால் முன்னால் விழுந்து சட்டென முடியும். 14-40, 15-50 எல்லாம் இதே வகை. நாம் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் சொல்வதால் பஸ் நம்பரும் மாறிப்போகும், மாமிசக் கடையில் விலையும் மாறிப்போகும். போன் நம்பரில் பூஜ்யத்தை 'ஓ' என்றும் இரட்டை எண்ணை 'டபுள் செவன்' என்றும் சொல்வார்கள். தேதி இன்னும் மோசம். 4/7 என்றால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நம்மைப் போலவே ஜூலை 4. அமெரிக்காவில் ஏப்ரல் 7. கனடாவில் இரண்டு வழக்கமும் புழங்கும். அப்பாயின்ட்மென்ட் தேதியை மாதப் பெயரோடு திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பில் நம் கரைக்காரர்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. சின்ன வயதில் மதரஸாவில் ஒழுங்காக ஓதிப் பழகியவர்களுக்கு, இங்கிலீஷில் தமிழர்கள் தடுமாறும் பல ஒலிகள் முன்பே வாயில் இருக்கின்றன. ஃபாத்திஹாவில் வரும் 'ஃபா'தான் 'ஃபைவ்', 'ஃபோன்' இரண்டிலும் வருவது. அரபியில் 'ஸாய்' எழுத்தின் அதிர்வுதான் 'ஸீரோ'வின் தொடக்கம். மேல்பல் நுனியில் நாக்கை வைத்து ஓதும் 'ஃதா'தான் 'திங்க்', 'தர்ட்டி' என்பவற்றின் முதல் ஒலி. அதே இடத்தில் அதிரும் 'ஃதால்'தான் 'திஸ்', 'மதர்' என்பவற்றில் வருவது. உதட்டைக் குவித்துச் சொல்லும் 'வாவ்'தான் 'வாட்டர்', 'வெட்' என்பவற்றின் ஒலி. உதட்டைப் பல்லில் தொட்டுச் சொல்லும் 'வீஸா'வின் 'வி' வேறு. ஓதும்போது இவ்வளவு கவனமாக இருக்கிற ராத்தாக்கள் (அக்காமார்) இங்கிலீஷ் என்றதும் 'பைவ்', 'பேன்' என்று இறங்கிவிடுகிறார்கள். ஓதுகிற வாயோடு பேசுங்கள் என்று ஒருமுறை சொன்னால் போதும், ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

அரபி பழகாதவர்களுக்கு ஒரு காகிதத் துண்டு போதும். உதட்டுக்கு நான்கு விரல் தள்ளி அதைத் தொங்கவிட்டு 'பென்', 'பே' என்று சொன்னால் காகிதம் குதிக்க வேண்டும். தமிழ்ப் 'ப'வில் காற்று வெளியே தள்ளப்படாது. அதனால் நாம் 'பே' என்றால் வெள்ளைக்காரர் காதில் வேறு சொல்லாக விழுகிறது. ஓதியவர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவை, ஏனென்றால் அரபியில் 'ப' கிடையாது. 'பஸ்ஸு', 'புக்கு', 'கேட்டு' என்று கடைசியில் உகரம் சேர்ப்பதையும், 'எவ்ரிதிங்' முன்னால் யகரம் வருவதையும் இந்தக் காலாண்டில் மட்டும் கவனியுங்கள். மற்ற உச்சரிப்புக் கவலை எல்லாம் அடுத்த வருஷத்துக்கு.

நோட்டுப் புத்தகம் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கிலீஷ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது நம் பக்கம் வழக்கம். 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா, பொட்டலமா என்று எழுதியவருக்கே மறுநாள் தெரியாது. எழுத்தை நினைவுக்கு ஒரு பிடியாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒலியை வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தெளிவாகப் பேசத் தெரிந்த காக்காவோ (அண்ணன்) அக்கா மகளோ வாரத்துக்கு ஐந்து வாக்கியம் பேசி அனுப்பட்டும். கேட்ட அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று நான்கு தடவை அதே ஐந்தைத் திருப்பிச் சொல்லுங்கள். தினம் பத்துப் புதுச் சொல் என்று ஓடுகிறவருக்கு மாதக் கடைசியில் முதல் வாரத்துச் சொல் ஒன்றும் நிற்காது.

இரண்டாம் இலக்கு மருந்துச் சீட்டு. நம் ஊர் டாக்டர் 1-0-1 என்று எழுதித் தருவார், மாத்திரைக் கவரில் கடைக்காரர் கோடு போட்டுத் தருவார். அங்கே அந்தக் கோடு கிடையாது. டப்பாவில் ஒட்டிய லேபிளில் 'டேக் ஒன் டேப்லெட் த்ரீ டைம்ஸ் எ டே வித் ஆர் ஆஃப்டர் ஃபுட்' என்று வாக்கியமாக இருக்கும். குழந்தையின் சிரப்பில் 'ஒன் 5 மில்லி ஸ்பூன்ஃபுல்' என்றிருக்கும். வீட்டு ஸ்பூனில் ஊற்றக் கூடாது, அவர்கள் தரும் 5 மில்லி ஸ்பூனோ சிரிஞ்சோதான் அளவு. 'மே காஸ் ட்ரவுஸினஸ்' என்றிருந்தால் தூக்கம் வரலாம், வண்டி ஓட்டக் கூடாது. 'கம்ப்ளீட் தி கோர்ஸ்' என்றால் காய்ச்சல் விட்டாலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. இந்த நான்கையும் லேபிளில் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நோன்பு வைப்பவர்கள் ஒரு கேள்வியைச் சேர்த்துப் பழகிக்கொள்ளுங்கள்: "ஐ ஆம் ஃபாஸ்டிங். கேன் ஐ டேக் திஸ் ஒன்லி அட் நைட்?" மருந்துக் கடையில் பார்மசிஸ்ட்டே பதில் சொல்வார், டாக்டர் வரை போகத் தேவையில்லை.

பெரிய விஷயங்களுக்கு நம் இங்கிலீஷைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம். ஆபரேஷன், பிரசவம், கோர்ட், விசா விசாரணை என்றால் கற்க வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "ஐ நீட் எ தமிழ் இன்டர்பிரிட்டர், ப்ளீஸ்." பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையில் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி காசு கொடுக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கிடைப்பார்கள். பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போய்த் தாயின் உடம்பு விஷயத்தை டாக்டரிடம் சொல்ல வைப்பது பிள்ளைக்கும் பாரம், தாய்க்கும் வாய் வராது, பாதி விஷயம் மறைந்துபோகும். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அவசர எண்கள் முதல் நாளே மனப்பாடம் ஆக வேண்டும். பிரிட்டனில் 999, உயிருக்கு ஆபத்து இல்லாத மருத்துவ உதவிக்கு 111. கனடாவிலும் அமெரிக்காவிலும் 911. ஆஸ்திரேலியாவில் 000. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999. அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. போன் எடுத்ததும் கேட்பது எந்த உதவி, எந்த இடம் என்பதுதான். வீட்டு விலாசத்தைப் போஸ்ட்கோடு வரை தடுமாறாமல் சொல்லத் தெரிந்தால் மீதியை 'ஹஸ்பண்ட், நாட் ப்ரீதிங்' என்ற மூன்று சொல்லிலும் சமாளிக்கலாம்.

கடல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இலக்கே வேறு. கப்பல்களுக்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட ஒரு வாக்கியத் தொகுப்பே உண்டு. அதிலிருந்து தொடங்குங்கள், ஸ்கூல் கிராமரிலிருந்து வேண்டாம். விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில், உயிராபத்து என்று அறிவிக்கும் 'மேடே' என்ற சொல் மூன்று தடவை, படகின் பெயர் மூன்று தடவை, இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்ற வரிசை இருட்டிலும் தூக்கத்திலும் வர வேண்டும். இடத்தை எண் எண்ணாகத் தனித்தனியே சொல்ல வேண்டும். பதினெட்டு என்றால் 'ஒன் எய்ட்', 'எய்ட்டீன்' அல்ல.

இனி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? நம் கரையின் வருஷம் காலண்டர் தாளைப் போல ஒரே மாதிரி ஓடுவதில்லை. இதை மறந்து 'தினமும் இரவு 8 மணி' என்று எழுதுவதால்தான் திட்டம் உடைகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுக்காரர்களுக்குப் பகலில் படகு பழுது, வலை வேலை இருந்தாலும் மாலை காலியாக இருக்கும். தினம் ஒரு மணி நேரம் என்றால் 61 மணி நேரம், ஏ1-க்கு வேண்டியதில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும். அதே மாதங்கள் கீழக்கரைப் பெண்களுக்கு மிக நெருக்கடியானவை. ஸ்கூல் லீவு, வெளிநாட்டுப் பயணத்திலிருந்து லீவில் வந்தவர்கள், கல்யாணங்கள் என்று வீடு நிறைந்திருக்கும். அவர்கள் அந்த இரண்டு மாதத்துக்குப் புது இலக்கே வைக்காமல், பழைய வாய்ஸ் நோட்டுகளைத் திருப்பிக் கேட்பதோடு நிறுத்தலாம். நோன்பு மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால் அதை முதலிலேயே காலண்டரில் குறித்துவிட்டு, அந்த மாதம் ஸஹருக்குப் பிறகு பத்து நிமிஷம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டும் நெட்டும் போகும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ், பிரிட்டிஷ் கவுன்சில் இரண்டிலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைக்கலாம்.

நெருக்கடி நாளுக்கென்று ஐந்து நிமிஷத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும்: அந்த வாரத்து ஐந்து வாக்கியத்தைச் சமையல் செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்வது. ஒரு நாள் விட்டால் பரவாயில்லை. விட்டதைச் சேர்த்து மறுநாள் ஒன்றரை மணி நேரம் உட்காருவேன் என்று வீம்பு பிடிப்பதுதான் ஆளை நிறுத்திவிடும்.

திருத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் மனைவிக்குச் சொல்லித்தரும் கணவர்களுக்கு. லண்டன் நேரம் குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் பின்னால் இருப்பதால், பேச்சு நம் ராத்திரியில்தான் நடக்கும். அதில் பத்து நிமிஷம் இங்கிலீஷ். பேசும்போது குறுக்கே விழுந்து ஒவ்வொரு சொல்லையும் திருத்தினால் மூன்றாம் நாள் "நெட் சரியில்லை" என்ற பதில்தான் வரும். பேசி முடிக்க விடுங்கள். காதில் விழுந்த தப்புகளைக் குறித்துக்கொண்டு, எதிராளிக்கு அர்த்தமே மாறிப்போகும் ஒன்றை மட்டும் கடைசியில் சொல்லுங்கள். 'ஹீ', 'ஷீ' மாறினால் சொல்லுங்கள். 'தி' விட்டுப்போனால் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் சிரித்தால் அந்த இடத்திலேயே அதட்டி நிறுத்த வேண்டியது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. நாற்பது வயதில் வாய் திறக்கிறவரைச் சிரித்து மூட வைத்துவிட்டால் மறுபடி திறக்க வைப்பது லேசில்லை.

மாதம் முதல் தேதி ஒரு நிமிஷம், பார்த்துப் படிக்காமல், அன்று காலையில் செய்த வேலைகளை இங்கிலீஷில் பேசிப் பதிவு செய்து தனக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழையதோடு சேர்த்துக் கேளுங்கள். இலக்கு எட்டவில்லை என்றால் தேதியைத் தள்ளாமல் இலக்கைப் பாதியாக்குங்கள். கிளினிக்குக்கு முழுசாகப் பேச வரவில்லையா, அடுத்த காலாண்டில் பெயர், பிறந்த தேதி, என்ன தொந்தரவு என்ற மூன்று வாக்கியம் மட்டும் நீங்கள் சொல்லிவிட்டுப் போனை வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அது பழகியதும் நேரம் கேட்பதையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.